புளியில் போட்ட கோதுகள்

நான் ஒரு துவக்குக் கடையில், துப்பாக்கி விற்கிற கடையில், வேலை செய்தேன். பாரிஸில், எண்பதுகளின் நடுப்பகுதியில். இதைச் சொன்னால் சனம் என்னை மேலும் கீழும் பார்க்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தக் கடையில் நடந்ததெல்லாம் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். விளங்கின அளவுக்கு எழுதுகிறேன்.

எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற லா சப்பலில் இருந்து நடக்கிற தூரம் அந்தக் கடை. ரயில் பாலத்தைத் தாண்டி, கார் து நோர் ஸ்டேசன் பக்கமாகப் போகிற ஒரு சின்னத் தெரு. அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கிழவிக்கு வீடு கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே கடைக்கும் ஆள் வேண்டுமாம் என்று அவர்தான் சொன்னார். கடைக்காரி ஒரு பிரெஞ்சு மனுசி. ஐம்பது வயதிருக்கும். புருசன் இறந்த பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தார். நான் அவரை மதாம் என்பேன். அவரும் என்னை மதாம் என்பார்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"துவக்குக் கடையோ?"

"ஓம்."

"துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். நீர் தேடிப்பிடிச்சு அங்கை போறீர்."

"கூட்டத்தானே போறன்."

"கூட்டேக்கை ஒண்டு வெடிச்சா?"

"வெடிச்சா அதையும் சேர்த்துக் கூட்டுறன்."

அவர் கோப்பையை எடுத்தார்.

எங்களுக்கு ஒரு மகள். அப்போது ஆறு வயது. கொழும்பில் என் மச்சாள் வீட்டில் இருந்தாள். ஏஜென்சிக்காரன் இரண்டு பேரைத்தான் கொண்டுபோகலாம், பிள்ளையைப் பிறகு கூப்பிடலாம் என்றான். நம்பி வந்தோம். அகதி அட்டை கிடைத்தது. பிள்ளையைக் கூப்பிட அரசாங்கக் கந்தோருக்குப் போனால் வேலை ஒப்பந்தம் கேட்டார்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்டார்கள். அவர் கோப்பை கழுவிய சாப்பாட்டுக் கடையில் சம்பளம் கையில்தான். சீட்டு இல்லை. எனக்கும் அப்படித்தான். இரண்டு வருசம் ஓடிவிட்டது. மகள் தன் கையாலேயே கடிதம் எழுதத் தொடங்கிவிட்டாள். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்விதான் இருக்கும்.

கடையில் நான் வாய் திறப்பதில்லை. மதாம் எதைச் சொன்னாலும் ஓம் என்கிற மாதிரி "வுய் மதாம்" என்பேன். விளங்காவிட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவர் கொஞ்ச நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு மெதுவாகக் கதைத்தார். கையால் காட்டினார்.

முதல் குழப்பம் துவக்கின் பாரம். மதாம் தனக்கு ஒரு புதுத் துவக்கு எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்கு வெளியே ஒரு சுடும் திடலுக்குப் போவார். முந்நூறு மீற்றருக்கு அப்பால் கடதாசி இலக்கு. அதற்காக இரண்டு துவக்கை மேசையில் வைத்து ஒரு வாரமாகப் பார்த்தார். ஒன்று இலேசு. மற்றது பாரம், குழல் என் மணிக்கட்டுப் பருமன்.

"எது நல்லது, மதாம்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். இலேசானதைக் காட்டினேன். தூக்கிச் சுமக்கிறவளுக்கு அதுதானே நல்லது.

அவர் சிரித்தார். பாரமானதைத்தான் எடுத்தார். பாரமானது துள்ளாது என்றார். அதைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை, படுத்து, முன்னுக்கு இரண்டு கால் கொடுத்துச் சுடுவது என்றார். பிறகு துவக்கின் அடிக்கட்டை தன் கையின் நீளத்துக்குச் சரியா என்று தையற்காரன் மாதிரி அளந்தார். விசை எவ்வளவு பாரத்தில் விடுபடுகிறது என்று ஒரு சின்ன வில்தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்தார். ஒரு துவக்கு வாங்க இவ்வளவா என்று எனக்கு இருந்தது. எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவன் யாரும் அதை அளந்ததாக நான் காணவில்லை.

அடுத்தது தூரக்கண்ணாடி. துவக்கின் மேலே பூட்டுகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதிகம் பெருப்பித்துக் காட்டுவதைக் கேட்பார்கள். மதாம் அதைக் கொடுக்க மாட்டார். குறைந்ததைத்தான் கொடுப்பார். விற்கிற ஆள் ஏன் விலை கூடினதை வேண்டாம் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் கண்ணாடியை மட்டும் தனியே மேசையில் வைத்து என்னைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொன்னார். தெருக் கோடியில் மெத்ரோ பாலத்தின் இரும்புத் தூண். அதில் அடித்திருந்த ஆணித் தலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடிக்குள் ஒரு மெல்லிய சிலுவைக் கோடு. அது ஆடியது. நான் மூச்சைப் பிடித்தேன். அப்போதும் ஆடியது. சீராக, துடித்துத் துடித்து.

"அது உங்கள் நெஞ்சுத் துடிப்பு" என்றார் மதாம். "பெருப்பித்தால் அதுவும் பெருக்கும்."

கையை எடுத்துவிட்டேன். அன்று முழுக்க ஒருமாதிரி இருந்தது.

நான் கூட்டுகிறவளாகவே இருந்திருப்பேன். ஒரு நாள் உள்ளறையில் தூசி தட்டும்போது ஒரு பெட்டியைக் கொட்டிவிட்டேன். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் கோதுகள். பித்தளை. ஐந்நூறுக்கு மேல் இருக்கும். நிலம் முழுக்க உருண்டது. மதாம் வெளியே போயிருந்தார். குந்தியிருந்து பொறுக்கினேன். பொறுக்கும்போது பார்த்தேன், அடியில் எழுத்துக் குத்தியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இல்லை. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றுபோல் இருப்பதைச் சேர்க்கத் தெரியும். கலந்து கிடந்தால் எனக்குப் பொறுக்காது. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி இருந்து பிரித்து, ஐந்து பெட்டியில் போட்டேன்.

மதாம் வந்து ஐந்து பெட்டியையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கையை விட்டு அளைந்தார். ஒன்றிரண்டை எடுத்து அடியைப் பார்த்தார்.

"யார் சொன்னது பிரிக்க?"

"ஒருவரும் இல்லை, மதாம்."

அடுத்த வாரம் அவர் என்னை உள்ளறை மேசையில் இருத்தினார். வேலை இதுதான். வெறும் கோதை எறியாமல், அதற்குள் திரும்ப வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து, புதுத் தோட்டா ஆக்குவது. கடையில் வாங்குகிற தோட்டாவை விட இது ஒரே இடத்தில் படும் என்றார். இந்த மேசை வேலையை நான் வடிவாகப் பழகினால் தன்னோடு ஒப்பந்தத்தில் எடுப்பதாகச் சொன்னார். பதிவோடு. மாதச் சம்பளச் சீட்டோடு.

இந்த முறை "வுய் மதாம்" என்றேன். விளங்கித்தான் சொன்னேன்.

பழகுவது இலேசாக இருக்கவில்லை. கை வேலை இலேசு. மேசையில் பூட்டிய ஒரு இரும்பு, பக்கத்தில் நீளப் பிடி. கோதை வைத்துப் பிடியை இழுத்தால் அடியில் இருக்கிற, வெடியைப் பற்றவைத்து எரிந்த சின்ன மூடி விழும், வீங்கின கோது பழைய அளவுக்கு வரும். பிறகு புது மூடி. பிறகு மருந்து. பிறகு குண்டு. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த காரணங்கள்தான் என்னைக் குழப்பின. இந்த நூறு கோதும் மதாமின் பாரத் துவக்குக்கு மட்டும். வேறு துவக்கில் போடக்கூடாது. ஏன்? அளவு ஒன்றுதானே. மருந்து அதே பெயர், அதே டப்பா. புது டப்பா திறந்தால் திரும்ப முதலில் இருந்து குறைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏன்? மேசையில் ஒரு டப்பாவுக்கு மேல் இருக்கக்கூடாது. இது மட்டும் விளங்கியது. சமையலறையில் உப்பும் சீனியும் ஒரே மாதிரிப் போத்தலில் வைத்தவளுக்கு இது விளங்கும்.

நிறுப்பது என் வேலை. ஒரு சின்னத் தராசு. தட்டில் மருந்தை மணி மணியாகத் தட்டிப் போட வேண்டும். மூச்சு விட்டால் முள் ஆடும். முள் கோட்டில் நிற்கும்வரை நான் மூச்சு விட மாட்டேன். சொன்ன அளவுக்கு மேல் ஒரு மணியும் போகவிட மாட்டேன். மதாம் பின்னால் நின்று பார்ப்பார். 

ஒரு திங்கட்கிழமை அவர் தான் சுட்ட இலக்குக் கடதாசியைக் கொண்டுவந்து காட்டினார். நடுவில் ஒரு துளை. பெருவிரல் நகம் அளவு, ஓரம் பிய்ந்து.

"ஒரு வெடியா?" என்று கேட்டேன்.

"ஐந்து."

நான் மருந்து நிறுத்த ஐந்து. சந்தோசம் வந்தது. ஒரு கடதாசியில் ஓட்டை போட்டதற்கு ஏன் சந்தோசம் என்றும் யோசித்தேன். 

பிறகு கோது கழுவுகிற மெசின் பழுதாகிவிட்டது. அது ஒரு வாளி. உள்ளே அரைத்த கொட்டைக் கோம்பை, அதாவது கொட்டை ஓடு, போட்டுக் கோதுகளைப் போட்டால் நடுங்கி நடுங்கி மினுக்கும். மோட்டர் எரிந்து மணந்தது. அடுத்த ஞாயிறு மதாமுக்குப் பெரிய போட்டி. வருசத்தில் ஒன்று. அந்தத் துவக்கின் நூறு கோதும் கறுத்துக் கிடந்தன.

"சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்" என்றார். "கறுப்பு இருந்தாலும் பரவாயில்லை. மண் இல்லாமல் இருந்தால் சரி."

கழுவினேன். கறுப்பு அப்படியே இருந்தது. பித்தளையைக் கறுப்போடு கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் ஒப்பந்தம் எழுதுகிற வாரத்தில். நூறையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன்.

வழியில் லா சப்பலில் எங்கள் ஆளின் கடையில் புளி வாங்கினேன். இரண்டு கட்டி. கடைக்கார அண்ணை நிறுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு புளி? ஊருக்கே ரசம் ஊத்தப் போறியளோ?"

"பித்தளை மினுக்க, அண்ணை."

"பாரிஸிலை ஆரட்டைப் பித்தளை கிடக்கு? எல்லாரிட்டையும் அலுமினியச் சட்டிதானே."

"ஒரு வெள்ளைக்காரியின்ரை."

"அவைக்கும் குத்துவிளக்கு இருக்கோ?"

"இருக்கு" என்றேன். சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை.

பின்னேரம் பெரிய பேசினில் புளி கரைத்து, உப்பும் போட்டு, நூறு கோதையும் அமிழ்த்தி வைத்தேன். கணவர் வேலைக்கு வெளிக்கிடும்போது எட்டிப் பார்த்தார்.

"உது என்ன?"

"கோது."

"என்ன கோது?"

"துவக்குக் கோதுதான். சுட்டது. வெறும்."

அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"உமக்கு விசரோ? அகதி எண்டு எழுதித் தந்திருக்கிறான். இஞ்சை பொலிஸ் வந்து நூறு கோதைக் கண்டா என்ன சொல்லுவீர்? புளிக்குழம்பு வைக்கிறன் எண்டோ?"

"ஒப்பந்தம் வியாழக்கிழமை எழுதுறாவாம்."

அவர் நின்றார். பேசினைப் பார்த்தார். பிறகு, "சாம்பல் வேணுமெல்லோ? கடையிலை கரியடுப்புச் சாம்பல் கிடக்கு. கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் எடுத்தேன். கறுப்பு எல்லாம் போயிருந்தது. ஆனால் மஞ்சளாக இல்லை. பாதிக்கு மேல் சிவந்திருந்தது. பித்தளை போட்டுச் செம்பு எடுத்த மாதிரி. குத்துவிளக்கும் புளியில் ஊறினால் கொஞ்சம் சிவக்கும், சாம்பல் போட்டால் போய்விடும். இரண்டு பேரும் இருந்து சாம்பல் போட்டுத் தேய்த்தோம். சிவப்புப் போனது. மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிக் காயவிட்டேன். அறையே வெளிச்சமாக இருந்தது. பவுன் மாதிரி.

மதாம் ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெசின்கூட இப்படிச் செய்யாது. எப்படிச் செய்தீர்கள்?"

புளியைப் பிரெஞ்சில் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "கையால்" என்றேன். அவர் தலையாட்டினார். அதோடு விட்டேன்.

அந்த வாரம் இரண்டு பேரும் அறுபது தோட்டா செய்தோம். நான் நிறுத்தேன், அவர் குண்டு வைத்தார். மிச்ச நாற்பது கோது பெட்டியில் இருந்தது. வியாழக்கிழமை ஒப்பந்தம் வந்தது. இரண்டு பக்கம். பட்டறை உதவியாள் என்று எழுதியிருந்ததாக மதாம் விரலால் தொட்டுக் காட்டினார். கையெழுத்து வைத்தேன். கைப்பைக்குள் கடவுள் படம் வைக்கிற அறையில் வைத்தேன். கணவர் அதை வாசிக்கத் தெரியாமலே மூன்று தரம் பார்த்தார். மச்சாளுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நான் பொறுங்கோ என்றேன். ஏன் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை தாடி வைத்த ஒரு ஆள் ஒரு பையோடு வந்தார். தானும் தோட்டா செய்யத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். பையில் அவருடைய கோதுகள். மதாம் ஒன்றை எடுத்தார். நான் கூட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் இருந்து கோது தெரிந்தது. சிவப்பு.

"எதில் கழுவினீர்கள்?"

"வினாகிரியில், புளிக்காடியில். ஒரு இரவு போட்டு வைத்தேன். சுத்தமாக வந்தது."

மதாம் குறட்டை எடுத்துக் கோதின் வாயை நசித்தார். வளைய வேண்டிய இடத்தில் அது வெடித்துப் பிளந்தது. பிஸ்கற் மாதிரி. பித்தளையில் இரண்டு உலோகம் இருக்கிறது, புளிப்பு அதில் ஒன்றைத் தின்றுவிடும், மிஞ்சுவது செம்பு, அதற்குப் பலம் இல்லை என்றார். சுடும்போது கோது பிளந்தால் நெருப்புப் பின்னால் வரும். பின்னால் இருப்பது கண். அந்த ஆள் தேய்த்தால் சிவப்புப் போகுமே என்றார். மதாம் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வேகமாகச் சொன்னார். பையை அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டினார். அது விளங்கியது.

நான் கூட்டுவதை நிறுத்தினேன். எங்கள் கோதில் சிவப்பு இல்லை. ஆனால் புளியில் இருந்து எடுத்தபோது இருந்தது. தேய்த்துப் போக்கினால் கெட்டது போகுமா, நிறம் மட்டும் போகுமா? எங்கள் ஊர் விளக்கெல்லாம் புளியில்தான் மினுக்கினது. ஒன்றும் பிளக்கவில்லை. ஆனால் விளக்குக்குள் யாரும் வெடிமருந்து வைப்பதில்லை. வினாகிரியும் புளியும் ஒன்றா? ஒரு இரவு என்றார் அந்த ஆள். எனதும் ஒரு இரவு. உப்பும் போட்டிருந்தேன்.

மத்தியானம் கடை ஒரு மணித்தியாலம் பூட்டுவார்கள். வீட்டுக்கு ஓடினேன். கணவர் படுத்திருந்தார். அவருக்கு வேலை பின்னேரம்தான். சொன்னேன். எழும்பி இருந்தார்.

"இப்ப சிவப்பு இல்லைத்தானே?"

"இல்லை."

"பேந்தென்ன? ஒப்பந்தம் கையிலை இருக்கு. வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

"நாளைக்கு அவ சுடப்போறா."

"எத்தினை வருசமாச் சுடுறா. அவவுக்குத் தெரியாதோ?"

"புளி எண்டு தெரியாது. நான் சொல்லேல்லை."

அவர் காலைக் கீழே தொங்கப் போட்டார்.

"வெடிச்சா என்ன நடக்கும்?"

"கண்."

"ஆற்றை கண்?"

"அவவின்ரை."

"சொன்னா ஒப்பந்தம் போகும்."

"ஓம்."

"பிள்ளை இன்னும் ரெண்டு வருசம் அங்கை கிடக்கும்."

"ஓம்."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியாது. உம்மடை மனசிலை என்ன இருக்கோ அதைச் செய்யும்" என்றார். பிறகு திரும்பிப் படுத்துவிட்டார். நித்திரை கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும்.

மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதாம் துவக்கைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் அறுபது தோட்டாவையும் அடுக்கிக்கொண்டிருந்தார். புளியை மேசையில் வைத்தேன். கோதைக் காட்டினேன். புளியைக் காட்டினேன். மணிக்கூட்டில் பின்னேரம் ஆறையும் காலை ஏழையும் தொட்டுக் காட்டினேன். "சிவப்பு" என்றேன். தேய்ப்பது மாதிரிக் கையை ஆட்டினேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. புளியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு அந்த முகம் அப்படியே மாறியது. கதிரையில் இருந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழும்பி வாசலில் 'பூட்டியிருக்கிறது' என்கிற பலகையைத் திருப்பிவிட்டார். வெறும் கோதில் ஒன்றை எடுத்துக் குறட்டால் நசித்தார். வளைந்தது. இன்னொன்று. பிளந்தது. மூன்றாவது வளைந்தது.

"மற்றவை?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். "அதுதான்."

சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருந்தது. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்து மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று விழும். அறுபதையும் அடித்தோம். அவர் அடித்தார், நான் குண்டையும் மருந்தையும் வேறாக்கினேன். இரண்டு பேர் வந்து கண்ணாடியில் தட்டினார்கள். திறக்கவில்லை. முடியும்போது பின்னேரமாகிவிட்டது. நூறு கோதையும் ஒரு சாக்கில் கட்டினார்.

"நாளைக்கு?" என்று கேட்டேன்.

"போக மாட்டேன். இந்தத் துவக்குக்கு வேறு கோது இல்லை." பிறகு, "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

அந்தச் சொல்லை நானும் கணவரும் ஞாயிறு முழுக்கப் புரட்டினோம். திங்கள் வா என்றால் வேலைக்கா, பேப்பரைத் திருப்பித் தரவா? அவர் முகம் எப்படி இருந்தது என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சாதாரணமா இருந்தது."

"சாதாரணமெண்டா கோவமோ, கோவமில்லையோ?"

"சாதாரணம்."

"உம்மட்டைக் கேக்கிறதை விடச் சுவரைக் கேக்கலாம்."

திங்கட்கிழமை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கேட்கும்முன் கொடுத்துவிடலாம் என்று மேசையில் வைத்தேன். மதாம் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். 

ஒரு வரியை மட்டும் வெட்டினார். மேலே வேறு ஒன்று எழுதினார். பக்கத்தில் தன் எழுத்தை வைத்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"பட்டறை இல்லை. துப்புரவு" என்றார். "நேரம் அதுதான். சம்பளம் அதுதான்."

"கோபமா, மதாம்?"

"இல்லை." கொஞ்சம் யோசித்தார். "சுடும்போது எனக்குக் கோதைப் பற்றி நினைவு வரக்கூடாது. நீங்கள் செய்தது என்றால் இனி வரும். நீங்கள் நல்லவர்தான், அதற்காக அந்த நினைவு வராமல் இருக்காது."

கையெழுத்து வைத்தேன். அன்றைக்கே மச்சாளுக்குக் கடிதம் போட்டேன்.

எனக்கு வேண்டியது கிடைத்தது. முழுவதும் கிடைத்தது. துப்புரவு என்று எழுதினாலும் கந்தோரில் சீட்டுச் சீட்டுத்தான். ஆனால் மதாம் உள்ளறையில் தனியே இருந்து நிறுக்கும்போது நான் வெளியே நின்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டுவேன். துவக்கும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம் என்று ஓடி வந்தவள் நான். அந்த மேசையில் இருந்து எழுப்பியதற்கு ஏன் கவலைப்பட்டேன்? இதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விசர் என்பார். சரியாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் தூசி தட்டும்போது தராசின் முள் ஒரு கோடு தள்ளி நின்றது. கை வைக்கவில்லை.

"மதாம், முள்ளைப் பாருங்கள்."

வந்து பார்த்தார். அடியில் இருந்த திருகைத் திருப்பிச் சரி செய்தார். "நன்றி, மதாம்" என்றார். நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மூன்று சீட்டும் சேர்ந்தது. கந்தோரில் இருந்த பெண் கடையின் பெயரைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். உள்ளறை மேசை நினைவுக்கு வந்தது. பிறகு கூட்டுகிறேன் என்றேன். முத்திரை குத்தினாள்.

அடுத்த வருசம் மழைக்காலத்தில் மகள் வந்தாள். விமான நிலையத்தில் விமானக் கொம்பனிப் பெண் ஒருத்தி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். உயர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் வந்திருந்தது. கணவர் கையைத் தூக்கினார். அவள் எங்களைத் தாண்டி வேறு யாரையோ பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான்தானா என்று யோசிக்கிற மாதிரி.

எனக்கும் அவள்தானா என்று அடையாளம் காண ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவளின் பையை வாங்கினேன்.